மஞ்சப்பைக்குள் ஒரு மனிதர்: குடும்பத் தலைவர் இறந்த பிறகு பார்க்க வேண்டிய காகிதங்கள்

சின்ன ஊரில் ஒரு குடும்பத் தலைவர் போய்ச் சேர்ந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை சொந்தபந்தம் கூடவே நிற்கும். பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, செலவுக் கணக்கை நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் யாராவது பீரோவைத் திறப்பார்கள். இறப்பைக் கட்டணமில்லாமல் பதிவு செய்யச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 21 நாள். பீரோ திறக்கும்போது அதில் மிச்சம் நான்கைந்து நாள்தான்.

உள் லாக்கரில் பெரும்பாலும் ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பை இருக்கும். அந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அதற்குள்தான். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம், பட்டா நகல், ஓரம் பழுத்த எல்.ஐ.சி. பாலிசி, இரண்டு மூன்று பாஸ்புக், மில்லில் கொடுத்த பி.எஃப். சீட்டு, நகைக்கடன் ரசீது, வண்டி ஆர்.சி., இ.பி. வெள்ளை அட்டை. யாரிடமோ வாங்கிய அல்லது யாருக்கோ கொடுத்த கடனுக்கான புரோநோட்டு ஒன்றும் கிடக்கலாம்.

ஓர் உதாரணத்தை வைத்தே பேசுவோம். வயது 52. மில் வேலை. சொந்தச் சம்பாத்தியத்தில் மூன்று சென்ட்டில் வீடு. மனைவி, ஒரு மகன், ஒரு மகள், உயிரோடிருக்கும் அம்மா. உயில் எழுதவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திடீரென்று இறந்துபோகும் ஆண்களில் பலருடைய நிலைமை ஏறக்குறைய இதுதான்.

அவர் பெயர் சண்முகம் என்று வையுங்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால். பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுசாக நிற்கும். பட்டாவில் ‘இன்னார் மகன் சண்முகம்’. பாலிசியில் ஆங்கில எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓர் எச் இருக்கும், பாஸ்புக்கில் இருக்காது. உயிரோடு இருந்தவரை இது ஒரு பிரச்சினையே இல்லை. அவரே நேரில் போய் நின்றால் எல்லாம் அவர்தான். இறந்த பிறகு ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனி ஆள். குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைவதற்குச் சட்டச் சிக்கலைவிட இந்த எழுத்துச் சிக்கல்தான் அதிகக் காரணம். அதனால் முதல் வேலை, பையைக் கவிழ்த்து, எந்தக் காகிதத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுவது. பிறந்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதுவும் இரண்டு விதமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இறப்புப் பதிவு

இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் பதிய வேண்டும். குடியிருந்த ஊர் கணக்கில் வராது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தால் பதிவு மதுரை மாநகராட்சியில். சொந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் போய் நின்று பயனில்லை. மருத்துவமனை இறப்பை மருத்துவமனையே பதிவாளருக்குத் தெரிவிக்கும். வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும்: கிராம ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ., பேரூராட்சி, நகராட்சி என்றால் அந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. எரித்த அல்லது புதைத்த இடத்தின் ரசீது, இறந்தவர் ஆதார், தகவல் கொடுப்பவர் ஆதார் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸில் போகும் வழியில் உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நின்ற இடம்தான் பதிவுக்கு இடம்.

மருத்துவமனைப் பதிவில் தப்பு எப்படி நுழைகிறது என்று கவனியுங்கள். நெஞ்சுவலி என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சீட்டு போடும் இடத்தில் நிற்பது பக்கத்து வீட்டுப் பையன். பெயர் கேட்டால் தெருவில் கூப்பிடும் பெயரைச் சொல்வான். வயது கேட்டால் “ஒரு அம்பது இருக்கும்” என்பான். அதுதான் கேஸ் ஷீட்டில் ஏறும். கேஸ் ஷீட்டில் இருப்பதுதான் இறப்பு அறிக்கையில் ஏறும். அறிக்கையில் இருப்பதுதான் சான்றிதழில் அச்சாகும். உடலை வாங்குவதற்கு முன்பே, அழுதுகொண்டிருக்காத ஒருவர் ஆதார் ஜெராக்ஸோடு மருத்துவமனையின் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போய், பெயர், வயது, அப்பா பெயர், மனைவி பெயர், முகவரி எல்லாவற்றையும் ஆதாரில் உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. பின்னால் திருத்துவதென்றால் 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் கீழ் ஆதாரத்தோடு மனு கொடுத்து, பதிவாளர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும்.

21 நாள் தாண்டி 30 நாளுக்குள் போனால் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாளிலிருந்து ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளர் நிலையில் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகும். அப்பா இறந்து எட்டு வருஷம் கழித்து, வீட்டை விற்கப் போகும்போதுதான் பதியவே இல்லை என்று தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் படும் பாடு தனிக் கதை.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும். பத்துப் பன்னிரண்டு பிரதி எடுத்து வையுங்கள். எல்லா மேஜையிலும் ஒன்று கேட்பார்கள்.

விபத்து, பாம்புக்கடி, கரண்ட் ஷாக், கிணற்றில் விழுந்தது என்றால் பாதை வேறு. “போனவரை எதுக்குக் கிழிக்கணும்” என்று போஸ்ட்மார்ட்டத்தைத் தவிர்க்கும் பழக்கம் ஊர்களில் பலமாக இருக்கிறது. புரிந்துகொள்ளக்கூடிய மனசுதான். ஆனால் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்.ரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் அசையாது. பைக்குக்கு எடுத்த இன்சூரன்ஸில் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும்; அதன் தொகை ரூ.15 லட்சம். எதிரே வந்த வண்டி எதுவும் இல்லாமல் தானாக விழுந்து இறந்தாலும், வண்டி அவர் பெயரிலும் ஓட்டுநர் உரிமம் செல்லுபடியிலும் இருந்தால் அது உண்டு. அந்த வரிக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று பாலிசித் தாளில் பாருங்கள். இப்படி ஒரு காப்பு இருப்பதே தெரியாமல் பாலிசியைக் காயலாங்கடைக்குப் போடும் வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாரிசு சான்றிதழும் அம்மாவின் பங்கும்

இறப்புச் சான்றிதழுக்கு அடுத்தது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் ரூ.60. வாரிசுகள் அத்தனை பேரின் ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்றிதழ், சுய உறுதிமொழி. மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், அல்லது குடும்பத்தை நேரில் வரச்சொல்வார். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகளின் ஆதாரில் கணவர் பெயர் இருக்கும்; அவர் இந்த அப்பாவின் மகள்தான் என்று காட்டப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ தேவைப்படும். இதை எடுத்து வராமல் போவதால் மட்டும் பல மனுக்கள் திரும்புகின்றன.

நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. அதை சக்சஷன் சர்டிபிகேட் என்பார்கள். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் போன்றவற்றை வசூலிப்பதற்கானது. தகராறு இல்லாத சின்னக் குடும்பத்துக்கு வட்டாட்சியர் தருவதே பெரும்பாலான இடத்தில் போதும். தகராறு இருந்தால் வட்டாட்சியர் கையை விரித்து சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்.

இனி விஷயம் கனமான இடம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள்: மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா. முன்னாலேயே இறந்துபோன பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் குடும்பம். அப்பா இந்த வரிசையில் இல்லை, இரண்டாம் வகுப்பு. அண்ணன் தம்பி கிட்டத்தில்கூட வரமாட்டார்கள். நம் உதாரண மனிதரின் வீடு நான்கு சம பங்கு: மனைவி கால், மகன் கால், மகள் கால், அம்மா கால். மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது.

வாரிசு சான்றிதழ் மனுவில் அம்மா பெயரை விட்டுவிடும் வழக்கம் ஊரில் பரவலாக இருக்கிறது. “ஆத்தாவுக்கு எதுக்கு, வயசான காலத்துல” என்று விடுவார்கள். உள்ளே ஒரு கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கு இதுதான்: மகன் இறந்த நொடியிலேயே அம்மாவுக்குக் கால் பங்கு சேர்ந்துவிட்டது. நாளைக்கு அவரும் உயில் எழுதாமல் இறந்தால் அந்தக் கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவருக்குக் கணவர் இல்லை, இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், கால் மூன்றாகப் பிரியும். இறந்தவரின் அண்ணனுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அக்காவுக்குப் பன்னிரண்டில் ஒன்று. மீதிப் பன்னிரண்டில் ஒன்று, முன்னாலேயே போய்விட்ட மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. மருமகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. மூன்று சென்ட் வீட்டில் பெரியப்பாவும் அத்தையும் பங்காளியாக வந்து நிற்பது இப்படித்தான்.

பயந்து பெயரை மறைத்தால் தீருமா? தீராது. பொய்யாக எடுத்த வாரிசு சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி யாரும் மனு கொடுக்கலாம்; அதை வைத்து எழுதிய விற்பனைப் பத்திரமும் ஆட்டம் காணும். நேரான வழி, அம்மா தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டு, விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் விடுதலைப் பத்திரம் பதிவது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் 2023 ஜூலையிலிருந்து முத்திரைத் தீர்வை அதிகபட்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் ரூ.10,000. சின்ன வீட்டுக்கு இந்த உச்சவரம்பு வரை போகாது. மதிப்பில் ஒரு சதவீதக் கணக்குதான். அம்மா சம்மதிக்கவில்லை என்றால் அது அவர் சொத்து. அதோடு பேச்சு முடிந்தது.

மகனோ மகளோ 18 வயது நிரம்பாதவர் என்றால் விடுதலைப் பத்திரம் பக்கம் போகவே வேண்டாம். மைனர் சார்பில் தாய் போடும் கையெழுத்தில் மைனரின் வீடு நிலத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதியதைப் பிள்ளை பெரியவனானதும் ரத்து செய்யக் கேட்கலாம். வாங்குகிறவர்களின் வக்கீல் முதலில் தேடுவதே இதைத்தான்.

மேலே சொன்ன பங்குக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. இரண்டாவது மனைவி என்று ஒருவர் இருந்தால், முதல் மனைவி உயிரோடு இருக்கையில் நடந்த அந்தக் கல்யாணம் இந்துச் சட்டத்தில் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் பங்கில் உரிமை உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நாமினி என்பவர் யார்

நாமினி பெயர் இருந்தால் பணம் அவருக்கே சொந்தம் என்று ஊர் முழுக்க நம்புகிறது. வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நாமினி ஒரு கை. வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் கை. வாங்கிய பணம் வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கில் தம்பி பெயர் நாமினியாக இருந்தால் வங்கி தம்பியிடம்தான் கொடுக்கும். அவர் அண்ணியிடம் கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.

பி.எஃப். இதற்கு நல்ல விதிவிலக்கு. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன், குடும்பம் என்று ஒன்று ஆனதும் தானாகச் செல்லாமல் போகும். 22 வயதில் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாலும் கவலை வேண்டாம்.

நாமினி இருக்கும் வங்கிக் கணக்குக்குத் தேவை: கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று. வாரிசு சான்றிதழ் கேட்கக் கூடாது. நாமினி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வணிக வங்கிகளில் ரூ.15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கிகளில் ரூ.5 லட்சம் வரை எளிய நடைமுறையில் தீர்க்க வேண்டும்: வாரிசு விவரம், பங்கு வேண்டாம் என்பவர்களின் ஒப்புதல் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் இழப்பை நாங்கள் ஈடுகட்டுவோம் என்று எழுதிக் கொடுப்பது). முழுக் காகிதமும் கொடுத்த 15 நாளுக்குள் பணம். கிளையில் “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்” என்றால், கொடுத்த காகிதங்களுக்குத் தேதி போட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள். தேதி இருந்தால்தான் 15 நாள் ஓடும்.

ஒன்றைச் செய்யாதீர்கள். அப்பாவின் ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், காரியச் செலவுக்கு என்று அதிலிருந்து எடுத்துவிடுவது. மனிதர் இறந்த பிறகு அந்தக் கணக்கு வாரிசுகள் எல்லாருக்கும் பொது. பின்னால் சகோதரர்களுக்குள் உரசல் வந்தால் அந்த ஸ்டேட்மென்ட் வரிதான் முதலில் வெளியே வரும்.

பாஸ்புக்கில் மே, ஜூன் மாத வரிகள்

பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வோர் ஆண்டும் மே கடைசி, ஜூன் முதல் வாரத்தைப் பாருங்கள். ரூ.436 பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம். 50 வயதுக்குள் சேர்ந்திருந்தால் 55 வரை காப்பு. ரூ.20 பிடித்திருந்தால் அது சுரக்ஷா காப்பீடு. விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம், 70 வயது வரை. காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. கணக்கில் காசு இல்லாமல் அந்த வருஷம் பிடிக்கவில்லை என்றால் காப்பும் இல்லை.

இந்த இரண்டுக்கும் வீட்டில் தனிப் பாலிசித் தாள் இருக்காது. எப்போதோ ஒரு முகாமில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவருக்கே மறந்திருக்கும். அந்த ஒற்றை வரிதான் சாட்சி. இரண்டு வங்கியில் இரண்டு முறை பிடித்திருந்தாலும் கிடைப்பது ஒன்றுதான். கோரிக்கையை, பணம் பிடித்த அதே கிளையில் கொடுக்க வேண்டும். தள்ளிப்போடாமல் முதல் மாதத்திலேயே போய்விடுவது நல்லது.

பி.எஃப். அலுவலகத்துக்கு மூன்று படிவம்: சேமிப்புக்கு 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இ.டி.எல்.ஐ. என்ற அந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளி தனியாக ஒரு பைசா கட்டியிருக்க மாட்டார், அதனால் சம்பளச் சீட்டில் தெரியாது. வேலையில் இருக்கும்போதே இறந்து, அதற்கு முன் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது ரூ.2.5 லட்சம், அதிகபட்சம் ரூ.7 லட்சம். அடுத்து ஓய்வூதியம். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன் என்ற பேச்சு, உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்குப் பொருந்தும். வேலையில் இருக்கும்போது இறந்தால் ஒரே ஒரு மாதச் சந்தா போதும். மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு, 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாக உண்டு. தொகை பெரிதாக இருக்காது. விதவை ஓய்வூதியத்தின் அடிமட்டம் ரூ.1,000. சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், மறுமணம் செய்யாதவரை அது ஆயுளுக்கும் வருவது.

எல்.ஐ.சி. பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது தொடங்கிய தேதி. மூன்று வருஷம் முடியுமுன் இறந்தால் ‘எர்லி கிளெய்ம்’ என்று மருத்துவமனைக் காகிதம், டாக்டர் சான்று, வேலை செய்த இடத்தின் சான்று எல்லாம் கேட்டு விசாரிப்பார்கள். சர்க்கரை, பிபி இருந்ததை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தால் அங்கே மாட்டும். மூன்று வருஷம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தவணை கட்டாமல் விட்ட பாலிசி என்றாலும் தூக்கிப் போட வேண்டாம். எத்தனை வருஷம் கட்டியது, கடைசித் தவணைக்கும் இறப்புக்கும் இடையே எத்தனை மாதம் என்பதைப் பொறுத்து ஏதாவது வரலாம். கிளையில் எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள்.

பட்டா, கடன், வண்டி

வீடு நிலத்தைப் பொறுத்தவரை அவசரம் எதுவும் இல்லை. வாரிசுகளுக்கு உரிமை இறந்த அன்றே வந்துவிடுகிறது. பட்டா அந்த உரிமையைக் காட்டும் வருவாய்த்துறைக் காகிதம். ஆனாலும் ஒரு வருஷத்துக்குள் வாரிசுகள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிவிடுங்கள். இறந்தவர் பெயரிலேயே ஒரு தலைமுறை கிடந்தால் அடுத்த தலைமுறையில் நான்கு கையெழுத்து பதினான்கு கையெழுத்து ஆகும். அதற்கு முன் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பத்திரத்தை அடமானம் வைத்த விஷயம் அங்கேதான் தெரியவரும். சொத்து அவருடைய அப்பா வழியில் வந்ததென்றால் சகோதரிகளின் பங்கு தீர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடன்காரர்கள் காரியத்துக்கு முன்பே வந்துவிடுவார்கள். அப்பா வாங்கிய கடனைப் பிள்ளை தன் சம்பாத்தியத்திலிருந்து கட்டச் சட்டப்படி கடமை இல்லை. அப்பா விட்டுப்போன சொத்தின் அளவு வரைதான் பொறுப்பு. 2005 திருத்தத்தோடு அப்பன் கடனுக்கு மகன் பொறுப்பு என்ற பழைய விதியும் போய்விட்டது. ஆனால் மனைவியோ மகனோ அந்தக் கடனில் கூட்டுக் கடனாளியாக அல்லது ஜாமீனாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவர்கள் கடனேதான். பதற்றத்தில் இருக்கும் வீட்டில் புதிதாக ஒரு புரோநோட்டில் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். “அண்ணன் வாங்குனதுதான், சும்மா ஒரு ஆதாரத்துக்கு” என்பார்கள். அந்தக் கையெழுத்து விழுந்த நிமிடம் பழைய கடன் புதுக் கடனாகிறது. யார் கேட்டாலும் ஒரே பதில்: காகிதத்தைக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

நகைக்கடன் மட்டும் காத்திருக்காது. வட்டி ஓடும், ஏல நோட்டீஸ் இறந்தவர் பெயருக்கும் அவர் போனுக்கும்தான் வரும். ரசீதோடு போய் இறப்பைத் தெரிவித்து, வட்டியைக் கட்டி நிறுத்தி வையுங்கள். மீட்பதற்கு வாரிசு காகிதம் கேட்பார்கள், வட்டி கட்டுவதற்கு வேண்டியதில்லை.

வண்டி சமாச்சாரம் சுலபம். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இறப்பையும், வண்டியை யார் பயன்படுத்தப் போகிறார் என்பதையும் தெரிவித்தால் மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31இல் பெயர் மாற்றம். இன்சூரன்ஸையும் சேர்த்து மாற்றுங்கள். மகன் அப்பா பெயரிலேயே வண்டியை ஐந்து வருஷம் ஓட்டுவது ஊரில் சகஜம். ஒரு விபத்து நடக்கும்வரை சகஜம்.

ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், குடும்பத் தலைவர் மாற்றம், வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் இறப்புச் சான்றும் வாரிசு சான்றும் இருந்தால் ஓரிரு நடையில் முடியும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், இறந்தவர் 18க்கும் 59க்கும் இடையில் சம்பாதித்த தலைவர் என்றால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ரூ.20,000 உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நலவாரிய அட்டை பையில் இருந்தால் அதையும். ஆதாரையும் பான் எண்ணையும் கடைசியில் பாருங்கள். வருமான வரி பிடித்தம் திரும்ப வர வேண்டியிருந்தால் அவருக்காக வாரிசு ஒருவர் கணக்குத் தாக்கல் செய்ய பான் எண் தேவைப்படும்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டில் யாரும் நினைக்காத ஒரு பொருள், அவருடைய பழைய பட்டன் போன். பி.எஃப்., வங்கி, எல்.ஐ.சி., கேஸ் புக்கிங் என்று எல்லாம் அந்த எண்ணோடு கட்டியிருக்கும். போன் பேசினால் அழுகை வருகிறது என்று அணைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். ரீசார்ஜ் தீர்ந்து 90 நாள் பயன்பாடில்லாமல் போனால் எண் பறிபோகும், சில மாதம் கழித்து வேறு யாருக்கோ போய்ச் சேரும். போனை சார்ஜில் போட்டு வையுங்கள். இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தில் வேலிடிட்டி ரீசார்ஜ் ஒன்று போடுங்கள். ஏல நோட்டீஸ், தவணை நினைவூட்டல், இன்னும் வீட்டுக்குத் தெரியாத ஒரு கணக்கின் இருப்பு எல்லாம் அந்தத் திரையில்தான் வந்து விழும். முக்கியமான எண்கள் எல்லாவற்றையும் மனைவி எண்ணுக்கு மாற்றி, கடைசிக் கணக்கும் மூடிய பிறகு அந்த ரீசார்ஜை நிறுத்திக்கொள்ளலாம்.